மழை ஜெர்கினுக்குள் ஈரம் எங்கிருந்து வருகிறது?

போடியிலிருந்து மூணாறுக்குப் போகிற எங்கள் ஊர்க்காரர்கள், கீழே வெயில் கொளுத்தும்போதே வண்டிப் பெட்டிக்குள் ஒரு ஜெர்கினை மடித்து வைத்துவிடுவார்கள். ஜூன், ஜூலையில் தேனிப் பக்கம் காற்றுதான் பேயாக அடிக்கும். போடிமெட்டைத் தாண்டிவிட்டால் வானமே வேறு. பூப்பாறை, தேவிகுளம் பக்கம் சாரல் பிடித்தால் நாள்கணக்கில் விடாது.

நான் முதன்முதலில் நிறையக் காசு போட்டு வாங்கிய 'வாட்டர்ப்ரூஃப்' ஜெர்கினை மாட்டிக்கொண்டு, பறவை பார்க்கும் நண்பர்களோடு தேவிகுளத்துக்கு மேலே ஒரு மேட்டில் ஏறினேன். இரண்டு மணி நேரத்தில் உள்சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று அதை வாங்கிய கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் வாதாடவே இல்லை. ஜெர்கினின் ஒரு கையை நுனியில் முறுக்கிப் பிடித்து, உள்ளே ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றித் தூக்கிக் காட்டினார். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. "தண்ணி வெளிய இருந்து வரல தம்பி, உங்ககிட்ட இருந்து வந்தது" என்றார். அன்றைக்கு நான் அதை நம்பவில்லை. அவர் சொன்னதுதான் சரி என்று புரிய இரண்டு மழைக்காலம் ஆனது.

இன்றைக்கும் யாராவது "ஜெர்கின் ஒழுகுது" என்று சொன்னால், பாதிக்குமேல் இதே கதையாகத்தான் இருக்கிறது.

வேட்டைக்காரர் உடுப்பு நமக்கு எதற்கு?

குளிருக்கும் மழைக்கும் சேர்த்து நல்ல ஜெர்கின் வேண்டும் என்று இணையத்தில் தேடினால் 'ஹன்டிங் ஜாக்கெட்' என்ற பெயரில் நிறைய வரும். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்தபின் பொழுதுபோக்கு வேட்டை முடிந்துபோனது. மூணாறு பக்கமே அதற்குச் சாட்சி உண்டு. வெள்ளைக்காரத் தோட்ட துரைகள் ஒருகாலத்தில் வேட்டைக்கென்று வைத்திருந்த இரவிகுளம் 1975-ல் சரணாலயமாகி, 1978-ல் தேசியப் பூங்காவானது. அவர்கள் சுட்ட வரையாட்டை இப்போது நாம் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறோம்.

ஆனாலும் அந்த ஜெர்கினை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஸ்காட்லாந்து, நார்வே போன்ற ஈரக்குளிர் நாடுகளின் வேட்டைக்காரருக்கு இரண்டு வேலை. முதலில் மேடேறி வேர்த்துக் கொட்டுவார். அப்புறம் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். பறவை பார்ப்பவருக்கும், காட்டில் படம் எடுப்பவருக்கும், வரையாடு கணக்கெடுப்புக்குத் துணைக்குப் போகிறவருக்கும் அதே இரண்டு வேலைதான். ஏறும்போது உள்ளே நனைந்தவர், உட்காரும்போது விறைப்பார். ஒரு ஜெர்கின் சௌகரியமா இல்லையா என்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தெரியும்.

இட்லிக் கொப்பரையின் மூடி

இட்லி வெந்ததும் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர்த் துளி. யாரும் அங்கே தண்ணீர் ஊற்றவில்லை. சூடான ஆவி, தன்னைவிடக் குளிர்ந்த மூடியில் பட்டுத் திரும்பவும் தண்ணீராகிவிட்டது. மழை நேரத்தில் மலைப்பாதை பஸ்ஸில் டிரைவர் பழைய பேப்பரால் கண்ணாடியை உள்பக்கமாகத் துடைத்துக்கொண்டே ஓட்டுவதும் இதனால்தான். பயணிகள் விட்ட மூச்சுதான் கண்ணாடியில் படிந்திருக்கிறது.

ஜெர்கினுக்குள் நீங்கள்தான் இட்லி. மேடேறுகிற ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர், சிலருக்கு ஒரு லிட்டர்கூட வேர்க்கும். அதில் ஒரு பகுதி ஆவியாகி வெளியே போகப் பார்க்கும். வெளியே குளிர் மழை அடித்து ஜெர்கின் துணி சில்லென்று இருக்கும். ஆவி அதில் மோதி, துளியாகி, கைவழியே வடியும். முதலில் நனைவது முழங்கைக்குக் கீழேயும், பை அழுத்துகிற முதுகும்தான். ஒழுகல் என்று நாம் சந்தேகப்படுகிற இடங்களும் அவையே.

இந்தச் சங்கடம் மழைக்கோட்டு பிறந்த அன்றே பிறந்தது. 1823-ல் சார்லஸ் மெக்கின்டாஷ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைக் கரைத்துப் பூசி, தண்ணீர் புகாத துணிக்குக் காப்புரிமை வாங்கினார். மழை உள்ளே வரவில்லை. வேர்வை வெளியே போகவும் இல்லை. நம் தெருக்களில் விற்கிற பிளாஸ்டிக் ரெயின்கோட்டும் அதே வம்சம்தான்.

இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: மழையைத் தடுப்பது ஒரு வேலை, ஆவியை வெளியே அனுப்புவது இன்னொரு வேலை. முதலாவதை ஒரு பாலிதீன் பை செய்துவிடும். நாம் காசு கொடுப்பது இரண்டாவதற்கு.

இட்லித் துணியும் சேம்பு இலையும்

மறுபடியும் இட்லிக்கே வருகிறேன். தட்டில் விரிக்கிற ஈரத்துணியைப் பாருங்கள். மேலேயிருக்கிற மாவு கீழே ஒழுகாது, கீழேயிருந்து ஆவி மேலே ஏறும். கெட்டியான மாவுக்கு அந்தத் துணியின் ஓட்டைகள் சிறியவை, ஆவிக்குத் தாராளம்.

நல்ல ஜெர்கினின் நடுவில் இதே வேலையைச் செய்கிற மெல்லிய தாள் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் சவ்வு. கடையில் மெம்பிரேன் என்பார்கள். 1969-ல் பாப் கோர் என்பவர் டெஃப்லானைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது அது கிழியாமல் பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த தாளானது. நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசியிருக்கிறதே, அதே பொருள்தான். கோர்-டெக்ஸ் என்று பெயர்பெற்ற சவ்வு வந்த கதை இது. அதன் ஒரு துளை தண்ணீர்த் துளியைவிடச் சுமார் 20,000 மடங்கு சிறியது, நீராவி மூலக்கூறைவிடச் சுமார் 700 மடங்கு பெரியது என்பது அதைத் தயாரிக்கும் நிறுவனம் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. விலை குறைந்த ஜெர்கின்களில் பெரும்பாலும் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசியிருப்பார்கள். அதில் பல வகைகளுக்குத் துளையே கிடையாது. ஈரத்தை ஒருபக்கம் உறிஞ்சி மறுபக்கம் கடத்திவிடும். மெதுவாகத்தான் கடத்தும், ஆனால் கடத்தும்.

சவ்வு தனியாக இருந்தால் கீறிக் கிழிந்துவிடும். அதனால் வெளியே ஒரு துணி, உள்ளே ஒரு துணி அல்லது வலை. மூன்றையும் ஒட்டினால் மூன்றடுக்கு. உள்பக்கம் துணிக்குப் பதில் பூச்சு மட்டும் இருந்தால் அதை இரண்டரை அடுக்கு என்கிறார்கள். கனம் குறைவு, வேர்த்தால் தோலில் ஒட்டும்.

சரி, அந்த வெளித்துணி நனைந்தால் என்ன? இங்கேதான் சேம்பு இலை வருகிறது. கேரளப் பக்கம் குழந்தைகள் திடீர் மழைக்கு அதைத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். தண்ணீர் அதன்மேல் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும், இலை நனையாது. ஜெர்கினின் வெளித்துணியிலும் அப்படி ஒரு பூச்சு உண்டு. அதை நீர் விலக்கும் பூச்சு என்று சொல்வோம். லேபிளில் டி.டபிள்யூ.ஆர். என்ற மூன்று எழுத்து இருக்கும்.

பலரும் இதைத்தான் மழையைத் தடுக்கும் பாகம் என்று நினைக்கிறார்கள். தடுப்பது சவ்வு. வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் பூச்சின் வேலை. பூச்சு தேய்ந்துபோனால் சவ்வு இன்னும் மழையைத் தடுக்கும். ஆனால் வெளியே முழுக்க ஒரு தண்ணீர்ப் படலம் படிந்து, ஆவி போக வழி அடைபடும், துணியும் சில்லிட்டுப்போகும். உள்ளே கொப்பரை மூடி வேலை செய்ய ஆரம்பிக்கும். நாம் "ஜெர்கின் ஒழுகுது" என்போம். தோளில் கருமையாகத் திட்டுத் திட்டாக ஈரம் ஊறியிருந்தால் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம்.

லேபிளில் இருக்கும் இரண்டு எண்கள்

10,000/10,000 என்று போட்டிருப்பார்கள். முதலாவது மில்லிமீட்டர், இரண்டாவது கிராம். இரண்டையும் பலர் ஒன்றாகவே படித்துவிடுகிறார்கள்.

முதல் எண் நீர்த்தம்ப அளவு. துணியின்மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது கசியத் தொடங்கும் என்பதுதான் கணக்கு. 10,000 மில்லிமீட்டர் என்றால் 10 மீட்டர். நல்ல ஆழமான கிணற்றின் அடியில் அந்தத் துணியை விரித்தாலும் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். எந்த மழையும் அப்படி அழுத்தாது. அப்படியானால் எதற்கு அத்தனை? அழுத்துவது மழை மட்டும் இல்லை, நீங்களும்தான். 10 மீட்டர் தண்ணீரின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. ஈரப் பாறையில் முழங்கை ஊன்றி கேமராவைப் பிடித்தால், உள்ளங்கையில் பாதிகூட இல்லாத இடத்தில் பல கிலோ இறங்குகிறது. பையின் பட்டையும் தோளில் அப்படித்தான் அழுத்தும். உட்கார்ந்து, ஊன்றி, சுமந்து வேலை செய்கிறவருக்கு 10,000-க்குக் கீழே போக வேண்டாம் என்பேன். பையும் கனமாக இருந்தால் 15,000, 20,000 என்று பார்க்கலாம். சும்மா நடந்து போகிறவருக்கு 5,000 போதும்.

இரண்டாவது எண் ஆவி விடும் அளவு. ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவி வெளியேறும் என்பது. 10,000 கிராம் என்றால் மணிக்கு 400 கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். ஜெர்கினின் பரப்பை ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், மேடேறும்போது நீங்கள் விடுகிற அரை லிட்டர், ஒரு லிட்டருக்கு அது ஈடாகாது. அதுவும் பரிசோதனைக்கூடத்தில், சாதகமான சூழலில் கிடைத்த எண். பரிசோதனை முறைகளே பல உண்டு. ஒரு நிறுவனத்தின் 20,000-மும் இன்னொன்றின் 20,000-மும் ஒன்றில்லை. இந்த எண்ணைப் பார்த்து அதிகக் காசு கொடுப்பதைவிட, அக்குளில் ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஜாண் ஜிப்பைத் திறந்துவிட்டால் வெளியேறுகிற அளவுக்கு ஆவி எந்தச் சவ்வின் வழியாகவும் போகாது.

மூணாறில் வேலை செய்வது பாலக்காட்டில் ஏன் செய்வதில்லை?

இதை விற்பவர்கள் சொல்லவே மாட்டார்கள். சவ்வுக்கு மோட்டார் எதுவும் கிடையாது. உள்ளே ஈரம் அதிகம், வெளியே குறைவு என்ற வித்தியாசம்தான் ஆவியைத் தள்ளுகிறது.

காற்று குளிரக் குளிர அது தாங்குகிற ஈரம் குறையும். உடம்பை ஒட்டிய 33 டிகிரி காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 36 கிராம் நீராவி தாங்கும். ஜூலை மாத மூணாறில் மழை பெய்துகொண்டிருக்கிறது, 15 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்று முழுக்க நனைந்திருந்தாலும் அதில் இருப்பது 13 கிராம்தான். உள்ளுக்கும் வெளிக்கும் 23 கிராம் வித்தியாசம். ஆவி வெளியே ஓடும். அதே ஜெர்கினோடு பாலக்காட்டுக்கு இறங்குங்கள். மழை, 27 டிகிரி. வெளிக்காற்றிலேயே 26 கிராம் இருக்கிறது. வித்தியாசம் 10 கிராம். தள்ளுவிசை பாதிக்கும் கீழே போய்விட்டது, அதோடு புழுக்கத்தில் வேர்வையும் கூடிவிட்டது.

ஆகவே அடிவாரத்தில் விலையுயர்ந்த ஜெர்கினும் கொப்பரைதான். அங்கே குடைதான் ராஜா. எல்லாப் பக்கமும் காற்றோட்டம் உள்ள மழைக்காப்பு அது ஒன்றே. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும், அதற்கு மேலேதான் சவ்வுக்குக் கொடுத்த காசு பேச ஆரம்பிக்கும். அதேபோல ஜனவரியில் மூணாறில் உறைபனி விழுகிற அதிகாலைக்கு மழை ஜெர்கின் தேவையில்லை. அது வறண்ட குளிர், நல்ல ஸ்வெட்டரும் குல்லாவும் போதும். மறையூர், சின்னாறு பக்கம் மழை மறைவுப் பிரதேசம். மூணாறில் கொட்டுகிற நாளில் அங்கே சட்டையோடு நடக்கலாம்.

சுருக்கமாக: சவ்வு நன்றாக வேலை செய்ய வெளியே குளிர் வேண்டும், வெளித்துணி நனையாமல் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஜிப்பைத் திறப்பதும் மெதுவாக நடப்பதும்தான் வழி.

கடையில் நின்று என்ன பார்ப்பது

முதலில் உள்பக்கத்தைத் திருப்புங்கள். ஊசி குத்திய ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. அதன்மேல் பட்டையாக ஒரு பிளாஸ்டிக் நாடாவைச் சூட்டில் ஒட்டியிருப்பார்கள், அதுதான் சீம் டேப். எல்லாத் தையலிலும் இருக்கிறதா, தோளிலும் தொப்பியிலும் மட்டுமா என்று விரலால் தடவிப் பாருங்கள். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று மட்டும் எழுதியிருந்தால் தூறலுக்குத் தாங்கும், அவ்வளவுதான்.

அப்புறம் கையை மேலே தூக்குங்கள். பைனாகுலர் பிடிக்கிற மாதிரி வைத்துப் பாருங்கள். இடுப்பு ஏறி வயிறு தெரிகிறதா? கைநுனி முழங்கைக்குச் சரிகிறதா? இரண்டுமே மழை இறங்கும் வழி. உள்ளே ஸ்வெட்டரோடு போட்டுப் பார்க்க வேண்டும். கடையில் வெறும் சட்டையோடு கச்சிதமாக இருப்பது மலையில் இறுக்கும். ஈரப் பாறையில் உட்காருகிறவருக்கு நீளம் இடுப்புக்குக் கீழே ஒரு ஜாண் வேண்டும்.

சத்தத்தையும் கவனியுங்கள். மெல்லிய நைலான் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும். வேட்டை ஜெர்கின்களில் அதற்காகவே மேலே பஞ்சுபோல மென்மையான துணி வைத்திருப்பார்கள், விலங்குக்குக் கேட்காது. பறவை பார்ப்பவருக்கு இது வரம். ஆனால் அந்தத் துணி நாள்பட்டால் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், காய ஒரு பகல் போதாது. மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் தங்கியிருக்கிறவர் எங்கே கொண்டுபோய் உலர்த்துவார்?

ஜெர்கினோடு சேர்ந்த தொப்பியைப் பற்றி எனக்குக் கண்டிப்பான அபிப்பிராயம் உண்டு. தலையைத் திருப்பினால் தொப்பியும் திரும்ப வேண்டும். இல்லையென்றால் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதைவிட முக்கியம் காது. தொப்பிக்குள் மழை தகரக் கொட்டகையில் விழுகிற மாதிரி கேட்கும். நம் மலைகளில் யானை கிளை ஒடிக்கிற சத்தம்தான் முதல் எச்சரிக்கை. அந்த இடங்களில் நான் தொப்பியைத் தள்ளிவிட்டு, விளிம்பு வைத்த சாதாரணத் தொப்பி ஒன்றைத்தான் போடுவேன். தலை கொஞ்சம் நனையும், நனையட்டும்.

நிறம் உங்கள் இஷ்டம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வேட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் சுட்டுவிடாமல் இருக்கப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் அணியச் சட்டமே உண்டு. நமக்கு மங்கலான பச்சையோ பழுப்போ போதும், ராணுவப் புள்ளிகள் வேண்டாம்.

உள்ளே பனியன் வேண்டாம்

எத்தனை விலை கொடுத்து ஜெர்கின் வாங்கினாலும் உள்ளே பருத்திப் பனியன் போட்டால் போச்சு. பருத்தி வேர்வையைக் குடித்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். தண்ணீர், அசையாத காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஏறும்போது தெரியாது. மேலே போய் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் முதுகு விறைக்கும். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து என்கிறது மருத்துவம். 15 டிகிரியில் அப்படியெல்லாம் ஆகுமா என்று கேட்காதீர்கள். ஈரமும் காற்றும் சேர்ந்தால் உறைபனி தேவையே இல்லை. நடுக்கம் நிற்காமல், பேச்சு குழறினால் பறவையை விட்டுவிட்டு ஆளைக் கீழே இறக்குங்கள்.

விளையாட்டுக்காரர்கள் போடுகிற பாலியெஸ்டர் டி-ஷர்ட் போதும், அதன்மேல் ஃப்ளீஸ் என்கிற பஞ்சுபோன்ற செயற்கைத் துணி அல்லது கம்பளி. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். ஆட்டுக்காரர்கள் மழையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்பது சும்மா இல்லை. இறகு அடைத்த ஜாக்கெட் நனைந்தால் அமுங்கிச் சூடு போய்விடும், மழைக்காலத்தில் அதை வீட்டிலேயே வையுங்கள். ஏறும்போது ஒரு அடுக்கைக் கழற்றிக் கொஞ்சம் குளிரோடு நடப்பதும், உட்கார்ந்தவுடன் உலர்ந்த அடுக்கைப் போடுவதும் கோர்-டெக்ஸ் செய்யாததைச் செய்யும்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, தலைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டதில் இந்தச் சூத்திரம் முழுக்க இருந்தது. ஈரச் செடி உரசுகிற இடம் அடைப்பு, பக்கவாட்டில் காற்று. வேகமாக உடம்பு உழைக்கிற வேலைக்கு அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் ஏறுகிறவருக்குச் சாதாரண பிளாஸ்டிக் ரெயின்கோட்டே போதும். உட்கார்ந்திருக்கிறவருக்கு வேர்ப்பதில்லை, காற்றுத்தான் எதிரி.

வாங்கியபின்

அழுக்கும் வேர்வை எண்ணெயும் நீர் விலக்கும் பூச்சைச் சாகடிக்கும். துவைக்காமல் வைத்திருப்பது ஜெர்கினுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், நேர்மாறு. இதற்கென்று விற்கிற திரவத்தில் அலசுங்கள், மணக்கிற கம்ஃபர்ட் வகைகள் வேண்டாம், அவை பூச்சின்மேல் படிந்து தண்ணீரை இழுக்கும். காய்ந்தபின், லேபிள் அனுமதித்தால், ஒரு துண்டை மேலே போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் பூச்சு கொஞ்சம் உயிர்பெறும். அதற்கும் துளி உருளவில்லை என்றால் நீர் விலக்கும் பூச்சுத் தெளிப்பான் டப்பா வாங்கி அடிக்க வேண்டும். பழைய பூச்சுகளில் இருந்த ஃப்ளோரின் வேதிப்பொருள்கள் மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்குவதால் பல நிறுவனங்கள் அவற்றைக் கைவிட்டுவிட்டன. புதிய பூச்சு எண்ணெய் அழுக்குக்குச் சீக்கிரம் தோற்கும், அதனால் துவைப்பது முன்பைவிட அவசியமாகிவிட்டது.

மழைக்காலம் முடிந்ததும் ஈரத்தோடு சுருட்டி பீரோவில் திணித்துவிடாதீர்கள். ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் பாலியூரிதேன் சிதைந்து பிசுபிசுக்கும், அப்புறம் பொரிந்து உதிரும். கடைக்காரர் சொம்பால் தண்ணீர் ஊற்றிக் காட்டினாரே, அந்த ஜெர்கின் எனக்கு அப்படித்தான் போனது. அடுத்த ஜூனில் எடுத்து உதறியபோது உள்பக்கம் முழுவதும் வெள்ளைச் செதிலாகச் சட்டையில் ஒட்டிக்கொண்டது. இப்போது இருப்பதை நன்றாக உலர்த்தி, ஹேங்கரில் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறேன்.